லிட்டர் கணக்கும் பாய்க் கணக்கும்

விண்ட்சர்ஃபிங்கில் காசு கரைவது கற்றுக்கொள்ளும்போது இல்லை. அப்போது பள்ளிக்காரர்கள் கொடுக்கிற பெரிய போர்டில் ஏறி, அவர்கள் கொடுக்கிற சின்னப் பாயைப் பிடித்துக்கொண்டு விழுந்து எழுந்து பழகுகிறோம். நன்றாகத் தேறியவர்களுக்கும் பிரச்சினை இல்லை. என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். மாட்டிக்கொள்வது நடுவில் இருப்பவர்கள்தான். ஹார்னஸ் மாட்டத் தெரியும். முன்கால் பட்டைக்குள் போய்விட்டது, பின்கால் இன்னும் பட்டையைத் தேடுகிறது. நேராகப் போனால் பறக்கிறார்கள், திரும்பினால் தண்ணீருக்குள். இந்தக் கட்டத்தில்தான் ‘போர்டு பெரிசா இருக்கு, அதான் வரல’ என்ற எண்ணம் வரும். கையில் கிரெடிட் கார்டும் இருக்கும்.

நான் இருப்பது பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியா. இங்கே கோடையில் நண்பகல் தாண்டியதும் தென்மேற்கிலிருந்து கடல்காற்று கிளம்பும். ஃப்ரீமேண்டில் துறைமுகப் பக்கமிருந்து வந்து நகரத்தின் வெக்கையை ஆற்றுவதால் அதற்கு ‘ஃப்ரீமேண்டில் டாக்டர்’ என்று பெயர். 1987இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டி இங்கே நடந்தபோது உலகத்துக்கே அறிமுகமான காற்று. 15 முதல் 20 நாட் வரை சாதாரணமாக வீசும், பலத்த நாளில் 25 நாட்டையும் தொடும். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். நான் கீழே சொல்கிற எண்கள் எல்லாம் இந்தக் காற்றை வைத்துத்தான். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி பெரும்பாலும் மெல்லிய காற்று வீசும் இடத்தில் இருப்பவர் என் பாய் அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் கரையோரம் நின்று ஊறிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஊர்க்காற்றைக் கேட்காமல் அளவு சொல்கிறவரை நம்பாதீர்கள். அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

ஸ்வான் ஆற்றங்கரையில் பெலிக்கன் பாயின்ட் என்று ஓர் இடம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஆறு ஏரி போல அகன்று கிடக்கும். வேலை முடித்து வருகிறவர்கள் காரிலிருந்து சாமான்களை இறக்கிப் பாயைப் புல்தரையில் விரித்துக் கட்டுவார்கள். அங்கே ஒரு தம்பி, கோயம்புத்தூர்க்காரர், 78 கிலோ. 145 லிட்டர் போர்டும் 5.5 பாயும் வைத்திருக்கிறார். போர்டின் நடுவில் நீண்ட டேகர்போர்டு இருக்கிற, பள்ளிக்கூட வகைப் போர்டு.

“அண்ணே, 85 லிட்டர் போர்டு ஒண்ணு விலை குறைச்சு வருது. எடுத்துரலாமா? அடுத்த வருஷத்துக்கும் ஆகுமில்ல?”

“வாட்டர்ஸ்டார்ட் வருமா?”

“வலப்பக்கம் வரும்ணே. இடப்பக்கம் எப்பவாச்சும்.”

“அப்ப வேண்டாம்.”

முகம் தொங்கிவிட்டது. ஏன் வேண்டாம் என்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எடைக்கணக்கு. ஆள் 78 கிலோ. போர்டு 7 அல்லது 8. பாய், மாஸ்ட், பூம், அடியில் பொருத்துகிற எக்ஸ்டென்ஷன் எல்லாம் சேர்ந்து 8 அல்லது 9. நனைந்த வெட்சூட், ஹார்னஸ் வகையில் ஒரு 3, 4 கிலோ. மொத்தம் நூறை நெருங்கிவிட்டது. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். கடல்நீரில் உப்பு இருப்பதால் இம்மி கூடுதல். 85 லிட்டர் போர்டு 87 கிலோவைத் தாங்கும். மீதிப் பதினோரு பன்னிரண்டு கிலோவை யார் தாங்குவது? யாரும் இல்லை. போர்டு தண்ணீருக்குள் போகும், முழங்கால் வரை நீரில் நின்றுகொண்டு பாயை இழுத்து எடுக்க வேண்டும். முடியாது. காற்று இருக்கிற வரை வாட்டர்ஸ்டார்ட் போடலாம், அதாவது நீரில் கிடந்தபடியே பாயில் காற்றைப் பிடித்து, அது தூக்கிவிட போர்டில் ஏறிக்கொள்ளலாம். காற்று விழுந்தால் மிதந்துகொண்டே கரைக்கு நீந்தலாம்.

இதையே 120 லிட்டர் போர்டுக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா எடையும் போக 20 கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆடும், ஆனால் நிற்கலாம். கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கலாம். அவருடைய 145இல் மிச்சம் கிட்டத்தட்ட 50 கிலோ. அதனால்தான் அது படகுபோல அசையாமல் கிடக்கிறது.

இந்த மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும், மொத்த லிட்டரை இல்லை. 40, 50 கிலோ மிச்சம் இருந்தால் கற்கிற போர்டு. 20 முதல் 25 என்றால் நடுக்கட்டத்துக்கானது. பத்துக்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு வாட்டர்ஸ்டார்ட் வர வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகிற போர்டு, காற்று நிச்சயமாக நிற்காது என்று தெரிந்த நாளுக்கு மட்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பிளேனிங் தொடங்கியபிறகு, அதாவது போர்டு நீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டு நீர்மேல் ஏறி வழுக்கத் தொடங்கியபிறகு, லிட்டருக்கு வேலையே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. அப்போது போர்டைத் தாங்குவது மிதப்பு இல்லை, வேகம். 145 லிட்டரில் கால்வாசிகூட நீருக்குள் இருக்காது. அந்த நேரத்தில் போர்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதன் அகலம், அடிப்பக்க வளைவு, பின்னால் இருக்கிற ஃபின். லிட்டர் வேலை செய்வது நீங்கள் நிற்கும்போது: புறப்படும்போது, காற்று விழும்போது, திரும்பும்போது வேகம் செத்துப்போகும்போது, விழுந்து எழும்போது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரு மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? தேறியவர் நிற்பதே இல்லை, அவருக்கு 85 போதும். நடுக்கட்டத்தில் இருப்பவர் பாதி நேரம் நிற்கிறார், விழுகிறார், எழுகிறார். ஒவ்வொரு ஜைப்பிலும், அதாவது காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிற ஒவ்வொரு முறையும், வேகம் போகிறது. சின்னப் போர்டில் வேகம் போன மறுநொடி போர்டும் போய்விடும், ஜைப்பின் இரண்டாம் பாதியைப் பழகவே முடியாது. காலை மாற்றிப் பாயைப் புரட்டிப் பிடிக்கிற அந்த இரண்டு மூன்று நொடி உங்களைத் தாங்கி நிற்கிற போர்டில்தான் ஜைப் வரும். ஆகவே போர்டின் லிட்டரைப் பறக்கிற நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நிற்கிற நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான விதி இல்லை.

அதற்காக 145லேயே கிடக்க வேண்டுமா என்றால், அதுவும் கூடாது. அதன் தொல்லை வேறு. அகலம் 80 சென்டிமீட்டரைத் தாண்டும். கால் பட்டைகளோ ஓரத்தில் தூரமாக இருக்கும். 18 நாட் காற்றில் சிற்றலையில் ஏறினால் போர்டு தடதடவென்று அடிக்கும், மூக்கைத் தூக்கும், ஒரு பக்கம் எழும்பிப் புரட்டப் பார்க்கும். திருப்பும்போது ஓரத்தை நீருக்குள் அழுத்தவே முடியாது. அத்தனை அகலம் அழுத்தினால் இறங்காது. அப்போது இறங்க வேண்டியதுதான். ஆனால் ஒரு படி. 145இலிருந்து 115, 120. அங்கே ஒரு முழு சீசன், தேவைப்பட்டால் இரண்டு. பிறகு 95, 100. ஒவ்வொரு படியிலும் 20, 25 லிட்டர். படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கின சின்னப் போர்டு கராஜில் தொங்கும், பழைய பெரிய போர்டிலேயே போய்க்கொண்டிருப்பார்கள்.

இறங்கலாமா வேண்டாமா என்று பார்க்க நான் கேட்பது மூன்றுதான். இரண்டு பக்கமும் வாட்டர்ஸ்டார்ட் வருகிறதா? இரண்டு காலும் பட்டைக்குள் போகிறதா? கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேர்கிறீர்களா, இல்லை காற்று தள்ளிவிட்ட இடத்திலிருந்து போர்டைச் சுமந்துகொண்டு கரையோரம் நடந்து வருகிறீர்களா? மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

லிட்டரோடு அகலத்தையும் கேளுங்கள். 120 லிட்டர் என்று எழுதின இரண்டு போர்டுகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று 70 சென்டிமீட்டர் அகலம், இன்னொன்று 78. அகலமானது சீக்கிரம் பிளேன் ஆகும், பெரிய பாயைத் தாங்கும், ஃபின்னும் பெரிதாகக் கேட்கும். ஒல்லியானது பலத்த காற்றில் அடங்கி நடக்கும், ஜைப்புக்கு இணங்கும். கடைக்காரர்கள் ஃப்ரீரைட், ஃப்ரீமூவ், ஸ்லாலம், வேவ் என்று பிரித்துச் சொல்வார்கள். நடுக்கட்டத்துக்கு ஃப்ரீரைட். அதில்கூடப் போட்டிக்காரர்களின் சாயல் உள்ளதை விட்டுவிட்டு, சாதுவானதை எடுங்கள். ஸ்டார்போர்டு கார்வ், தபூ ராக்கெட், ஃபனாட்டிக் கெக்கோ என்று பெயர்கள் பல. ஒவ்வொன்றிலும் நாலைந்து அளவுகள். பெயரைவிட அளவு முக்கியம்.

இனிப் பாய். இங்கேதான் என் பார்வையில் அதிகக் குழப்பம்.

ஆதியில் குழப்பமே கிடையாது. கலிஃபோர்னியாவில் ஹொய்ல் ஷ்வைட்ஸரும் ஜிம் டிரேக்கும் 1968இல் விண்ணப்பித்து 1970இல் காப்புரிமை வாங்கின அந்த முதல் விண்ட்சர்ஃபர் 12 அடி நீளம். ஒரே போர்டு, ஒரே பாய், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதுவே. ஹார்னஸ், கால் பட்டை, குட்டைப் போர்டு எல்லாம் பின்னால் வந்து பிளேனிங்தான் குறிக்கோள் என்றானதும், ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பாய் தேவைப்பட்டது. அடிப்படைக் காரணம் எளிது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 15 நாட்டிலிருந்து 20 நாட்டுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. பாயில் விழும் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கையில் பிடித்திருக்கிறவருக்கு இந்தக் கணக்கு தோளில் தெரியும்.

பாய் அளவுக்கு ஓட்டிகளிடையே புழங்குகிற சுருக்குவழி ஒன்று உண்டு. உங்கள் எடையை 1.34ஆல் பெருக்கிக் காற்றின் நாட்டால் வகுங்கள். வருகிற எண், பாயின் சதுர மீட்டர். 78 கிலோ ஆளுக்கு 15 நாட்டில் ஏறத்தாழ 7.0 வரும், 20 நாட்டில் 5.2, 25 நாட்டில் 4.2. இது வேதவாக்கு இல்லை. தேறியவர் இதைவிடச் சின்னப் பாயில் பாயைப் பம்ப் செய்து கிளப்பிக்கொண்டு போய்விடுவார். புதியவர் இதே அளவில் பயப்படுவார். ஆனாலும் தொடங்குகிற இடம் சரியாகக் கிடைக்கும். தம்பியின் 5.5ஐ வைத்துப் பார்த்தால் அது 19 நாட்டுக்கான பாய். அவரோ 14 நாட் வீசுகிற மாலைகளில் அதை எடுத்துக்கொண்டு போய், ‘போர்டு கிளம்பவே மாட்டேங்குது’ என்று போர்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கிளம்பாததற்குக் காரணம் பாய். வாங்க வேண்டியது சின்னப் போர்டு இல்லை, பெரிய பாய். இந்த வியாதி இங்கே பாதிப் பேருக்கு இருக்கும் என்று தோன்றுகிறது.

ஆரம்பத்தில் பெரிய பாய் என்றால் பயம் இருப்பது நியாயம்தான். 4.0, 5.0 பாயில் கற்றவருக்கு 6.5ஐத் தண்ணீரிலிருந்து தூக்குவதே பாரம். ஆனால் ஹார்னஸ் மாட்டத் தெரிந்தபிறகு பாயின் இழுப்பைத் தாங்குவது கை இல்லை, உடம்பின் எடை. ஹார்னஸில் நம்பி உட்காரப் பழக ஓரளவு இழுப்புள்ள பாய் வேண்டும். இழுக்காத பாயில் உட்கார்ந்தால் பின்பக்கமாகத் தண்ணீரில் விழுவீர்கள்.

எத்தனை பாய்? மூன்று போதும். இடைவெளியைச் சதவீதத்தில் பாருங்கள். 7.0க்கும் 6.0க்கும் நடுவில் ஒரு முழு மீட்டர் விடலாம். 5.0க்கும் 4.0க்கும் நடுவில் அதே ஒரு மீட்டர் விட்டால் பெரிய பள்ளம். சின்ன அளவுகளில் படி நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 15 முதல் 20 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். பெர்த் காற்றில் 78 கிலோவுக்கு 6.7, 5.6, 4.7. அவரிடம் ஏற்கனவே 5.5 இருப்பதால் மேலே ஒன்று முதலில், கீழே ஒன்று அடுத்த கோடைக்கு.

இந்த ஊருக்குத் தனியாக ஒரு குறிப்பு. லெய்ட்டன் கடற்கரையில் டாக்டர் நேராகக் கடலிலிருந்து வருவதால் சீராக இருக்கும். ஆற்றுக்கு அது நிலத்தைத் தாண்டி வர வேண்டும். விட்டு விட்டுத்தான் வீசும். 18 நாட் என்று வானிலைத் துறையின் பக்கத்தில் போட்டிருந்தால் 13க்கும் 22க்கும் நடுவில் ஊசலாடும். கடலில் 5.5 எடுக்கிற அன்றைக்கு ஆற்றில் 6.0 எடுத்தால்தான் காற்று இறங்குகிற நேரத்தில் நின்றுபோக மாட்டீர்கள். ராட்னெஸ்ட் தீவின் அளவீட்டைப் பார்த்துப் பாயைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. தீவு கரையிலிருந்து 19 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. அங்கே வீசுவது எப்போதுமே அதிகம். டாக்டர் கிளம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. பாய் அளவுக்கு ஸ்வான்போர்ன் பார்க்கலாம், மெல்வில் வாட்டர் பார்க்கலாம். எல்லாவற்றையும்விடக் கரைக்கு வந்து, உங்கள் எடையில் இருக்கிற ஒருவர் என்ன பாயோடு இறங்கியிருக்கிறார் என்று கேட்பது மேல்.

புதுப் பாய் வாங்குமுன் இருக்கிற பாயைச் சரியாகக் கட்டுகிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். இது அளவு சம்பந்தப்பட்ட விஷயம்தான். மாஸ்டின் அடியில் பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுகிற டௌன்ஹால் கயிறு இருக்கிறதே, நடுக்கட்டக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதைப் போதுமான அளவு இழுப்பதில்லை. கயிற்றைக் கப்பிகளில் கோத்து, முனையை ஒரு கட்டையில் சுற்றிப் பிடித்து, காலை மாஸ்டின் அடியில் முட்டுக்கொடுத்துப் பின்னால் சாய வேண்டும். மாஸ்ட் வில்லாக வளையும். பாயின் மேல் பக்கத்துப் பின்னோரம், மேலிருந்து இரண்டு பேட்டன்களுக்கு நடுவில், தொளதொளவென்று சுருங்கித் தொங்கத் தொடங்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். அந்தத் தொளதொளப்புதான் வேண்டும். பலத்த காற்று அடிக்கும்போது மேல்பகுதி திருகி அதிகப்படிக் காற்றை வெளியே விடும். இழுப்பு கைக்கு அருகிலேயே நிற்கும். கடைசி இரண்டு சென்டிமீட்டர் இழுக்காமல் விட்டால் பின்னோரம் இறுக்கமாக நிற்கும், ஒரு வீச்சு வந்ததும் பின்கையைப் பிய்த்துக்கொண்டு போகும். 6.5ஐச் சரியாக இழுத்துக் கட்டினவர் 20 நாட்டில் சமாளித்துக்கொண்டிருப்பார். தளர்த்திக் கட்டினவர் 17 நாட்டிலேயே கரையேறி ‘சின்னப் பாய் வாங்கணும்’ என்பார். பாய்ப் பையிலோ பாயின் அடி மூலையிலோ லஃப், பூம் அளவுகள் அச்சிட்டிருக்கும். அதன்படி கட்டிப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஃபின்னும் அப்படித்தான். பெரிய போர்டு பலத்த காற்றில் அடங்கவில்லை என்றால் போர்டை விற்குமுன் ஃபின்னை மாற்றுங்கள். 75 சென்டிமீட்டர் அகலப் போர்டோடு 42, 44 சென்டிமீட்டர் ஃபின் வரும், அது 7.0 பாய்க்கானது. அதே போர்டில் 5.5 பாயோடு இறங்கும்போது 36, 38 போட்டால், எழும்பிப் புரட்டப் பார்த்த போர்டு தண்ணீரில் படுத்துக்கொள்ளும். ஒரு ஃபின்னின் விலையில் போர்டுக்கு இன்னும் ஐந்து நாட் ஆயுள். ரொம்பச் சின்னதாகப் போய்விட்டால் எதிர்ப்பக்கக் கேடு: பின்காலில் அழுத்தினவுடன் வால் சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும். கரையோரம் கடற்புல் இருக்கிற இடமென்றால் பின்பக்கம் சாய்ந்த வீட் ஃபின் ஒன்றும் வேண்டும். அதன் அளவு சாதா ஃபின்னைவிடக் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மாஸ்ட் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 370, 400, 430, 460, 490 என்று நீளங்கள். நீளத்தோடு விறைப்பும் கூடும்: 400க்கு 19, 430க்கு 21, 460க்கு 25 என்று ஓர் எண் மாஸ்டிலேயே எழுதியிருக்கும். ஒல்லி மாஸ்ட் ஆர்டிஎம், தடி மாஸ்ட் எஸ்டிஎம். இரண்டுக்கும் பூமின் முன்பிடியும் எக்ஸ்டென்ஷனும் வேறு. ஒவ்வொரு பாய்க்கும் தனி மாஸ்ட் என்று போனால் செலவு எகிறும். ஆகவே பாய்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு மாஸ்ட்களில் மூன்று பாய்களும் நிற்குமாறு தேர்ந்தெடுங்கள். 430 ஒன்று, 400 ஒன்று. 6.5 அளவில் 430இல் நிற்கிற பாய்களும் உண்டு, 460 கேட்கிற பாய்களும் உண்டு, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்துப் பாயாக எடுத்தால் வளைவு பொருந்துமா என்ற கவலை இல்லை. இங்கே பெர்த்தில் பிறந்த நிறுவனமே இருக்கிறது, செவெர்ன். கரையில் அவர்கள் பாய்கள் நிறையக் கண்ணில் படும், பழையது கிடைப்பதும் சுலபம். கார்பன் நூற்றுக்கு நூறு தேவையில்லை. எழுபது எழுபத்தைந்து சதவீதம் நடுக்கட்டத்துக்குத் தாராளம்.

இவ்வளவு நேரம் 78 கிலோ கணக்கு. இனி 55 கிலோ பெண்களுக்கு. கரையில் அறிவுரை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் 85 கிலோ ஆண்கள். ‘120க்குக் கீழே போகாதம்மா’ என்று பாசமாகத்தான் சொல்வார்கள். எடைக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆள் 55, போர்டு 7, பாய்க்கட்டு 7, நனைந்த துணி 3. மொத்தம் 72. மிச்சம் 25 வேண்டும் என்றால் 95 லிட்டர் போர்டு. 78 கிலோ தம்பிக்கு 120 எப்படியோ இந்தத் தங்கைக்கு 95 அப்படி. பாயும் 18 நாட்டில் 4.1 வந்துவிடுகிறது, அவர் கையில் 5.5ஐக் கொடுத்தால் கஷ்டப்பட்டு, ‘எனக்கு பலம் போதலை’ என்று விட்டுவிட்டுப் போவார். பலத்துக்கு இதில் பெரிய பங்கு இல்லை, கொடுத்த அளவு தப்பு. ஒல்லி மாஸ்ட், கைப்பிடி மெலிந்த பூம், 370 அல்லது 400 நீளம், இவை கிடைத்தால் விளையாட்டே வேறாகிவிடும். எடை குறைந்த ஆண்களுக்கும் இதேதான். 100 கிலோக்காரர்களுக்கு எதிர்த்திசையில் இதேதான். அவர்களுக்கு 145தான் நடுக்கட்டப் போர்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழையது வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆஸ்திரேலிய வெயில் பாயைத் தின்றுவிடும். கண்ணாடி போன்ற ஃபிலிம் பகுதியை விரலால் மெல்ல மடக்கினால் மொறமொறவென்று சத்தம் வந்தால் அடுத்த விழுகையில் கிழியும். போர்டில் மாஸ்ட் பொருத்துகிற இடத்தைச் சுற்றியும், குதிகால் படுகிற இடத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே நுரை பிரிந்திருக்கிறது, விலை என்னவாக இருந்தாலும் வேண்டாம். மூக்கில் ஒட்டுப்போட்டிருப்பது பரவாயில்லை. மாஸ்ட் விழுந்து மூக்கு உடையாத போர்டு அபூர்வம். ஒட்டு சுத்தமாக இருக்கிறதா, தூக்கினால் எடை எழுதினதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் குடித்த போர்டு கையிலேயே தெரிந்துவிடும்.

ஃபாயில் பற்றிக் கேட்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் விண்ட்சர்ஃபிங் முழுக்க ஐக்யூஃபாயில்தான், ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0 பாய். ஆனால் பொழுதுபோக்குக்கு ஃபாயில் ஓட்டுகிறவர்கள் மெல்லிய காற்றில் 5.0, 5.5 பாயோடு போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் மேலே போட்ட பாய்க் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. வருடத்தில் பாதி நாள் 10, 12 நாட் வீசுகிற ஊரில் இருப்பவர் 8.0 பாய் வாங்க யோசித்தால், அதற்குமுன் ஃபாயிலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பெர்த்தில் இருப்பவர் முதலில் ஜைப்பைக் கற்றுக்கொள்ளட்டும்.

தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்த பட்டியல் சின்னது. 85 வேண்டாம். இருக்கிற 145லேயே இந்தக் கோடையை முடிக்க வேண்டும், ஆனால் டேகர்போர்டை மேலே இழுத்து வைத்துவிட்டு, 38 ஃபின்னோடு. 6.5 அல்லது 6.7 பாய் ஒன்று, 430 மாஸ்டில் நிற்கிறதாக. ஹார்னஸ் கயிறு 28 இன்ச். ஏப்ரலில் டாக்டர் ஓய்ந்து ஆட்கள் சாமான்களைக் கழிக்கத் தொடங்கும்போது 115, 120இல் ஒரு ஃப்ரீரைட் போர்டு. அதற்குள் இடப்பக்கம் வாட்டர்ஸ்டார்ட் வந்திருக்க வேண்டும்.

நீங்களும் அளவு கேட்பதானால் எடை, எந்த ஊர்க்காற்று, கையில் இப்போது இருக்கிற பாய், வாட்டர்ஸ்டார்ட் இரண்டு பக்கமும் வருமா என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். என்னிடம் என்றில்லை, கடைக்காரரிடமும்தான். இந்த நான்கையும் கேட்காமல் ‘உங்களுக்கு 105 சரியாக இருக்கும் சார்’ என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். அவரிடம் விற்காமல் கிடப்பது 105.